கிராஜுவேஷன் பார்ட்டி வீட்லயே, 60 பேருக்கு சாப்பாடு: சமைக்கறதா, ஆர்டரா, ஆளுக்கு ஒண்ணு கொண்டு வர்றதா?

புள்ள பட்டம் வாங்கியாச்சு, வீட்லயே எல்லாரையும் கூப்பிட்டு ஒரு நாள் கொண்டாடலாம்னு முடிவும் பண்ணியாச்சு. லிஸ்ட் எழுத ஆரம்பிக்கும்போது 25 பேர்தான்னு நினைச்சது, அவங்கள கூப்பிட்டுட்டு இவங்கள விட முடியுமா, அவளோட கிளாஸ்மேட்ஸ் பத்து பேர், மாடி வீட்டுக்காரங்கன்னு சேர்ந்து சேர்ந்து 60ல வந்து நிக்குது. இப்ப வீட்ல எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், சாப்பாட்டுக்கு என்ன பண்ணப் போற. எனக்கு இது நாலாவது அனுபவம்ங்க. மூத்தவனுக்கு எல்லாத்தையும் நானே சமைச்சேன், தம்பி பொண்ணுக்கு ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்கன்னு பண்ணோம், ஃப்ரெண்டு வீட்ல முழுசா கேட்டரிங், அங்க நான் கூடமாட நின்னேன். இப்ப சின்னவளுக்கு. அதனால இந்த தடவை மெனு எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வழியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு கணக்கு போட்டேன், அதைத்தான் இங்க எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு. என்ன சாப்பாடுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி எத்தன மணிக்குன்னு முடிவு பண்ணுங்க. மதியம் 12:30ன்னு சொன்னா வர்றவங்க வயித்த காலியா வெச்சுக்கிட்டு வருவாங்க, அது நியாயமும்கூட. சாயங்காலம் 3லேர்ந்து 6 வரைக்கும்னு சொன்னா மதிய சாப்பாடு முடிச்சுட்டு வருவாங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவாங்க, நடுவுல கொறிக்க இருந்தா போதும். அழைப்புல போடற அந்த ஒரு நேரம் செலவுல பாதியையும் வேலைல பாதியையும் குறைச்சுடும். ஆனா 3லேர்ந்து 8ன்னு போட்டுடாதீங்க, அப்ப ஸ்நாக்ஸும் வேணும் டின்னரும் வேணும், ரெண்டு பார்ட்டி ஒரே நாள்ல பண்ற மாதிரி ஆயிடும்.

அப்புறம் எத வெச்சு ஒப்பிடறதுன்னு ஒரு அளவுகோல் வேணும்ல. நிறைய பேர் செலவை மட்டும் பார்ப்பாங்க, இல்ல ருசிய பார்ப்பாங்க. நான் பாக்கறது வேற. மொத ஆள் கதவ தட்டினதுலேர்ந்து கடைசி ஆள் கிளம்பற வரைக்கும் எனக்கு அடுப்படில எவ்ளோ வேலை இருக்கு, அதான் மொத அளவு. அடுத்தது ஃப்ரிட்ஜ்ல எடம் இருக்கா. மூணாவது அந்த ஐட்டம் டேபிள்ல எவ்ளோ நேரம் தாங்கும். மூத்தவன் பார்ட்டி ஃபோட்டோ மொத்தத்துலயும் நான் ரெண்டே ரெண்டு படத்துலதான் இருக்கேன், அதுலயும் ஒண்ணுல கைல கரண்டியோட கதவு ஓரமா பாதி உடம்புதான் தெரியுது. அன்னைக்கு வந்ததுதான் இந்த ஞானம்.

சரி, எல்லாத்தையும் நாமளே சமைக்கறது. கேக்க நல்லாதான் இருக்கும், நம்ம கைப்பக்குவம், நம்ம இஷ்டம், பொருளுக்கு ஆகற செலவும் கம்மி. ஆனா 6 பேருக்கு சமைக்கறத பத்தால பெருக்கினா 60 பேருக்கு ஆயிடும்னு நினைக்கறது தப்பு. சாதம் மெயினா இருந்தா ஆளுக்கு 75 கிராம் அரிசின்னு வெச்சுக்கோங்க, 60 பேருக்கு 4.5 கிலோ. வெந்ததும் அது கிட்டத்தட்ட 12, 13 கிலோ ஆயிடும். அதுக்கு மேல எலும்பில்லாத கோழி ஆளுக்கு 150 கிராம்னா 9 கிலோ, வெந்து சுருங்கி 7 கிலோவுக்கு கொஞ்சம் கம்மியா வரும். இதெல்லாம் வீட்டு அடுப்புல, நாலு பர்னர்ல, அதுல ரெண்டு சின்ன பர்னர். பாத்திரம் பெருசானா கொதி வர்றதுக்கே முக்கால் மணி நேரம் ஆகும், அடி பிடிக்கும், மேல வேகாது, கிளறுறதுக்கு தோள்ல பலம் வேணும். பெரிய அடுப்பும் அண்டாவும் வாடகைக்கு எடுத்தா சமாளிக்கலாம், ஆனா அப்ப அது வீட்டு சமையல் கிடையாது, நாமளே கேட்டரிங்காரரா மாறிட்டோம்னு அர்த்தம்.

இதுல யாரும் யோசிக்காத பிரச்சனை ஒண்ணு இருக்கு, ஆற வைக்கறது. முன்னாடி நாளே சமைச்சு வெச்சுட்டா அன்னைக்கு நிம்மதின்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் பண்ணேன். ஆனா 10 லிட்டர் கிரேவிய அப்படியே பாத்திரத்தோட விட்டா நடுவுல ராத்திரி முழுக்க வெதுவெதுன்னே இருக்கும். 5 டிகிரிலேர்ந்து 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் கிருமிக்கு சொர்க்கம். அந்த சூட்டுல சமைச்ச சாப்பாடு மொத்தமா 2 மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது, வெளில வெயில் 32 டிகிரிய தாண்டினா 1 மணி நேரம்தான். சாதம் இன்னும் மோசம். அரிசில இருக்கற பேசில்லஸ் சீரியஸ்ங்கற பாக்டீரியாவோட வித்துகள் கொதிக்கற தண்ணிலயும் சாகாது, சாதம் வெதுவெதுப்பா கெடந்தா அது முளைச்சு பெருகி ஒரு நச்ச விடும், அந்த நச்சு மறுபடி சூடு பண்ணாலும் போகாது. அதனால முன்னாடி நாள் சமைக்கறதுன்னா 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல போகாம தட்டையான டிரேல பரப்பி, ஐஸ் தண்ணி மேல வெச்சு ஆற வெச்சு, உடனே ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். அந்த மாதிரி எத்தன டிரே உங்க ஃப்ரிட்ஜ்ல போகும்? என்னோடதுல நாலு, அதுவும் பாலையும் முட்டையையும் பக்கத்து வீட்ல கொண்டு போய் வெச்சப்புறம். இங்கயே என் கணக்குல சொந்த சமையல் அடிபட்டுடுச்சு. 20, 25 பேர்னா தாராளமா பண்ணலாம், 30 தாண்டினா வேணாம்னு சொல்லுவேன்.

முழு கேட்டரிங் அதுக்கு நேர் எதிர். காசு ஜாஸ்தி, ஆனா ஃபோட்டோல நாம இருப்போம். ஃப்ரெண்டு வீட்ல பார்த்ததுல சாப்பாடு நல்லாவே இருந்துச்சு, ஆனா ஒரு மணி நேரம் லேட்டா வந்துச்சு, அந்த ஒரு மணி நேரம் அவ முகத்த பார்க்கவே பாவமா இருந்துச்சு, வந்தவங்க எல்லாம் சிப்ஸ் பாக்கெட்ட மட்டும் சுத்தி சுத்தி நின்னாங்க. அதனால ஆர்டர் குடுக்கும்போது ருசிய பத்தி மட்டும் பேசாதீங்க. பார்ட்டி தொடங்கறதுக்கு 45 நிமிஷம் முன்னாடி வந்து சேரணும்னு எழுத்துல வாங்கிக்கோங்க. பாத்திரம் அவங்களோடதா, திருப்பிக் குடுக்கணுமா, யார் கழுவறது, பரிமாற ஆள் வருவாங்களா இல்ல வாசல்ல வெச்சுட்டுப் போயிடுவாங்களா, குறைஞ்சபட்சம் எத்தன பேருக்கு எடுத்துப்பாங்க, தலை எண்ணிக்கைய மாத்த கடைசி நாள் எது, இதெல்லாம் கேளுங்க. அப்புறம் 60 பேருக்குன்னா அவங்க கணக்குல ஒரு ஆளுக்கு எத்தன கிராம்னு கேளுங்க, இந்தக் கேள்விக்கு தெளிவா பதில் சொல்றவங்கதான் தொழில் தெரிஞ்சவங்க, அதெல்லாம் தாராளமா வரும்னு சொல்றவங்கள நான் நம்ப மாட்டேன்.

சேஃபிங் டிஷ் பத்தி ஒரு வார்த்தை. அடியில தண்ணி, அதுக்குக் கீழ ஜெல் டப்பா எரியும், மேல சாப்பாடு, பஃபேல வைப்பாங்களே அதேதான். அது சூட்ட தக்க வைக்கத்தான், ஆறிப் போன சாப்பாட்ட சூடாக்க முடியாது. கொதிக்கற தண்ணிய ஊத்தி, நல்லா சூடா இருக்கற சாப்பாட்ட வெச்சா 60 டிகிரிக்கு மேல நிக்கும், பச்சைத் தண்ணி ஊத்தி ஆரம்பிச்சா மொத அரை மணி நேரம் வேஸ்ட். டப்பா வாங்கும்போது எத்தன மணி நேரம் எரியும்னு பாருங்க, 2 மணி நேரத்துதும் இருக்கு, 6 மணி நேரத்துதும் இருக்கு.

ஆளுக்கு ஒண்ணு கொண்டு வர்றது, அதாவது பாட்லக். தம்பி பொண்ணுக்கு இதான் பண்ணோம். எல்லாரும் கேட்டாங்க என்ன கொண்டு வரட்டும்னு, நாங்க பெருந்தன்மையா உங்க இஷ்டம்னு சொல்லிட்டோம். விளைவு, ஏழு பேர் கேக்கும் பிஸ்கட்டும், அஞ்சு பேர் சாலட், வயிறு நிறையற மாதிரி ஒரே ஒரு பாஸ்தா டிரே, அது பத்தாவது ஆளோட காலி. தப்பு வந்தவங்க மேல இல்ல, எது சுலபமோ அதைத்தான் யாரும் கொண்டு வருவாங்க. இஷ்டம்னு சொல்லாம நீங்க 12 பேருக்கு வர்ற மாதிரி உருளைக்கிழங்கு சாலட், நீங்க ரெண்டு தட்டு பழம்னு பேர் போட்டு அளவோட சொல்லணும். அப்பவும் ரெண்டு விஷயம் எனக்கு ஒத்து வரல. சூடான ஐட்டம் அவங்க வீட்ல சமைச்சு, வண்டில வந்து, நம்ம டேபிள்ல உக்கார்றதுக்குள்ள எத்தன மணி நேரம் ஆச்சுன்னு நமக்குத் தெரியாது, அந்த 2 மணி நேரக் கணக்கு ஏற்கனவே பாதி ஓடியிருக்கும். இன்னொண்ணு, வர்றதுல பாதி பேர் பசங்க, அவங்க வெறுங்கையோடதான் வருவாங்க, வரணும். அதனால பாட்லக்க முழுசா நம்ப வேணாம், ஆனா இனிப்பு, பழம், சிப்ஸ் மட்டும் நெருங்கினவங்க நாலஞ்சு பேர்கிட்ட ஒப்படைச்சா நல்லா நடக்கும். அவங்களுக்கும் நம்ம பங்கும் இருக்குன்னு ஒரு சந்தோஷம்.

இப்ப எல்லாரும் சொல்ற ஐடியா, தட்டுல அவங்கவங்களே சேர்த்துக்கற கவுன்ட்டர். சப்பாத்தி மாதிரி சுருட்டற ராப், சாண்ட்விச், வேக வெச்ச உருளைக்கிழங்குக்கு மேல டாப்பிங், இந்த மாதிரி. இதுல பெரிய நல்லது என்னன்னா சைவம் அசைவம் சண்டை இல்ல, பால் ஒத்துக்காதவங்க சீஸ விட்டுடுவாங்க, காரம் வேணாங்கறவங்க சாஸ விட்டுடுவாங்க, நாம தனியா எதுவும் செய்ய வேணாம். ஆனா வரிசை நகராது. ஒரு ஆள் நின்னு யோசிச்சு போட்டு எடுக்க 45 செகண்டுன்னு வெச்சாலும் 60 பேருக்கு 45 நிமிஷம், கடைசி ஆள் வரும்போது மொத ஆள் ரெண்டாவது ரவுண்டுக்கு வந்து நிப்பார். டேபிள சுவத்தோட ஒட்டிப் போடாம நடுவுல இழுத்துப் போட்டு ரெண்டு பக்கமும் ஒரே ஐட்டத்த ரெண்டு செட்டா வெச்சா நேரம் பாதி ஆயிடும், இது எந்த பஃபேக்கும் பொருந்தும். தட்டு ஆரம்பத்துல, ஸ்பூனும் டிஷ்யூவும் கடைசில. ஆரம்பத்துலயே ஸ்பூன வெச்சா அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையாலயே எடுத்துப் போட்டுக்கணும், கீழ சிந்தும். குடிக்கறதுக்கு தனி டேபிள், அதுவும் தள்ளி, இல்லைன்னா தண்ணி எடுக்க வர்றவங்களும் சாப்பாட்டு வரிசைலதான் நிப்பாங்க.

உருளைக்கிழங்குல ஒரு எச்சரிக்கை. அலுமினியம் ஃபாயில்ல சுத்தி அவன்ல வேக வெச்சு, அப்படியே ஃபாயிலோட மணிக்கணக்கா டேபிள்ல விடக் கூடாது. உள்ள காத்து போகாது, அந்த சூட்டுல பாட்டுலிசம்ங்கற, நரம்பைத் தாக்கற விஷ நோய் வர்ற பாக்டீரியா வளரும், அது விளையாட்டு விஷயம் இல்ல. ஒண்ணு சூடாவே வெச்சிருக்கணும், இல்ல ஃபாயில பிரிச்சுட்டு ஃப்ரிட்ஜுக்குப் போகணும். சாண்ட்விச்சுக்கு இந்த பயம் கம்மி, ஆனா அதுக்கு வேற தொல்லை, தக்காளித் தண்ணி ரொட்டில ஊறி சொதசொதன்னு ஆயிடும். ஓரம் வரைக்கும் வெண்ணெய் தடவினா அந்தக் கொழுப்பு ஈரத்த உள்ள விடாது. வெட்டி அடுக்கினப்புறம் ஈரமா பிழிஞ்ச கிச்சன் டவல மேல போட்டு, அதுக்கு மேல பிளாஸ்டிக் ஷீட் மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சா மூணு நாலு மணி நேரம் ஓரம் காயாது. நான் சாண்ட்விச்சுக்கு கவுன்ட்டர் போட மாட்டேன், முன்னாடியே செஞ்சு வெட்டி அடுக்கிடுவேன், ரெண்டே ரெண்டு வகை, சைவ தட்டு ஒண்ணு அசைவ தட்டு ஒண்ணு, பேர் சீட்டு எழுதி குச்சில குத்தி.

வெறும் ஃபிங்கர் ஃபுட், அதாவது கையால எடுத்து வாய்ல போடற சின்னச் சின்ன ஐட்டம் மட்டும். இத சுலபம்னு சொல்றவங்க செஞ்சு பார்க்காதவங்க. ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல 3 மணி நேரம்னா ஆளுக்கு 8 பீஸாவது போகும், 60 பேருக்கு 480 பீஸ். 480 தடவை உருட்டணும், இல்ல மடிக்கணும், இல்ல குச்சி குத்தணும். ரெண்டு பேர் உக்காந்து நிமிஷத்துக்கு ஆளுக்கு ரெண்டுன்னு நிக்காம செஞ்சாலும் 2 மணி நேரம், நடுவுல ஃபோன் வரும், சின்னவள் வந்து எந்த டிரெஸ்ஸுன்னு கேப்பா, ஆகமொத்தம் நாலு மணி நேரம். அதனால ஃபிங்கர் ஃபுட்னா உருட்ட வேண்டியது எதுவும் வேணாம், கொட்டினா முடிஞ்சுடுச்சுங்கற மாதிரி இருக்கணும். பாப்கார்ன் எனக்குப் பிடிச்சது, அரை கப் சோளத்துல கிட்டத்தட்ட 16 கப் வரும், இவ்ளோ மலிவா இவ்ளோ பெரிய கிண்ணத்த நிறைக்கற ஐட்டம் வேற எனக்குத் தெரிஞ்சு இல்ல, 2 மணி நேரக் கணக்கும் அதுக்குக் கெடையாது. தர்பூசணியும் அப்படித்தான், 6 கிலோ பழம்னா தோல் போக 4 கிலோ வரும், ஆனா வெட்டினதுக்கப்புறம் அதுவும் ஃப்ரிட்ஜ் சாமான்தான்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. வறுத்த கடலை, பாதாம் மாதிரி ஐட்டத்த தனி மூலைல தனி கிண்ணத்துல வைங்க, அலர்ஜி இருக்கற பசங்க ஒருத்தராவது இருப்பாங்க, அதே கரண்டி மத்த கிண்ணத்துக்குப் போகக் கூடாது.

அப்ப நான் எதுல வந்து நின்னேன்னா பாதி பாதி. சூடான மெயின் மட்டும் வெளில ஆர்டர், ரெண்டே ரெண்டு வகை, ஒண்ணு சைவம். மீதி எல்லாம் குளிர்ச்சியா சாப்பிடற ஐட்டம், வீட்ல முன்னாடி நாளே செய்யறது. இனிப்பு மத்தவங்க கைல. ஏன் இப்படி பிரிச்சேன்னா, சூடுதான் கஷ்டமே. சூடா வைக்கறதுக்கு அடுப்பு, நேரம், ஆள் எல்லாம் வேணும், அந்தத் தலைவலிய காசு குடுத்து அனுப்பிட்டேன். குளிர்ச்சியான ஐட்டத்துக்கு ஃப்ரிட்ஜ்ல எடம் இருந்தா போதும், கொத்தமல்லி தூவினா முடிஞ்சுது. கேட்டரிங்காரங்க பில்லுல சைட் டிஷ், சாலட், ரொட்டி, பழத்துக்குப் போடற காசு பொருளோட விலைக்கு சம்பந்தமே இல்லாம இருக்கும், அதையெல்லாம் எடுத்துட்டா பில் நல்லாவே இறங்கிடுது. நான் விசாரிச்சப்ப முழு கேட்டரிங்குக்கு சொன்ன தொகைல பாதிக்கும் கொஞ்சம் மேலதான் வந்துச்சு.

வீட்ல செய்யறதுல பாஸ்தா சாலட் ஒண்ணு. சைட் டிஷ்ஷா வைக்கும்போது ஆளுக்கு 50 கிராம் உலர்ந்த பாஸ்தா போதும், 60 பேருக்கு 3 கிலோ. சாலட்ல கலக்கற சாஸ், அதாவது டிரெஸ்ஸிங், அது எல்லாத்தையும் முன்னாடி நாளே ஊத்திடாதீங்க, ராத்திரியில பாஸ்தா மொத்தத்தையும் குடிச்சுட்டு காலைல வறண்டு போய் உக்காந்திருக்கும். மூணுல ஒரு பங்க தனியா எடுத்து வெச்சு பரிமாறறப்ப கலக்குங்க. இன்னொண்ணு உருளைக்கிழங்கு சாலட். அதுல மயோனைஸ்தான் கெட்டுப் போகும்னு எல்லாரும் பயப்படறாங்க, கடைல வாங்கற மயோனைஸ்ல வினிகரோ எலுமிச்சையோ இருக்கு, அந்தப் புளிப்புல கிருமி சுலபமா வளராது, வேக வெச்ச உருளைக்கிழங்கும் முட்டையும்தான் கெட்டுப் போறது. எதுவா இருந்தா என்ன, கிண்ணத்துக்கு அடியில ஐஸ் டிரே வெச்சுடுங்க.

மூணாவதா ஒரு சூடான ஐட்டமும் வீட்லேர்ந்து வேணும்னு எங்க வீட்ல ஒரே அடம். அதுக்கு ஸ்லோ குக்கர், கரண்ட்ல மெதுவா மணிக்கணக்கா வேக வைக்கற பாத்திரம். 6 லிட்டர் குக்கர்ல விளிம்பு வரைக்கும் ஊத்தாம ஆளுக்கு 200 மில்லின்னா 20 பேருக்கு சூப்போ பீன்ஸ் கிரேவியோ வரும், 60 பேருக்கு மூணு குக்கர், ஒண்ணு என்னோடது, ரெண்டு இரவல். ஒவ்வொண்ணும் 200லேர்ந்து 300 வாட்தான் இழுக்கும், மூணும் சேர்ந்தா ஒரு எலக்ட்ரிக் கெட்டில விட கம்மி. ஆனா அதே லைன்ல கெட்டிலையும் போட்டீங்கன்னா டிரிப் ஆகி பாட்டும் நிக்கும் சாப்பாடும் ஆறும், அதனால கெட்டிலுக்கு வேற ரூம். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த ஜில்லுனு இருக்கற சாப்பாட்ட ஸ்லோ குக்கர்ல போட்டு சூடு பண்ணக் கூடாது, அது ரொம்ப மெதுவா ஏறும், அந்த 5லேர்ந்து 60க்குள்ளயே மணிக்கணக்கா நிக்கும். அடுப்புல 74 டிகிரி வர்ற வரைக்கும் சூடு பண்ணிட்டு அப்புறம் மாத்துங்க. ஒரு கிச்சன் தெர்மாமீட்டர் வாங்கிடுங்க, சின்ன சாமான்தான், இந்த நம்பர் எல்லாத்தையும் ஊகிக்காம பார்க்கலாம்.

டிரேய மொத்தமா டேபிள்ல வைக்காதீங்க. மெயின் ரெண்டு டிரே வந்தா ஒண்ணு வெளில, ஒண்ணு 90 டிகிரி வெச்ச அவன்ல மூடின மாதிரி. ஏன்னா பெரியவங்க சொன்ன நேரத்துக்கு வந்துடுவாங்க, கொஞ்சமா சாப்பிடுவாங்க. பசங்க ஒன்றரை மணி நேரம் கழிச்சு கூட்டமா வருவாங்க, வந்து நெஜமாவே சாப்பிடுவாங்க. எல்லாத்தையும் மொதல்லயே வெச்சுட்டா பசங்களுக்கு ஆறினதும் அடிமண்டியும்தான் கிடைக்கும். புதுசா எடுக்கறப்ப பழைய டிரே மேலயே கொட்டிடாதீங்க, டிரேயையே மாத்துங்க, இல்லைன்னா அடியில இருக்கறது எத்தன மணிக்கு வெச்சதுன்னு யாருக்கும் தெரியாம போயிடும்.

குடிக்கறதுல எல்லாரும் கோட்டை விடுவாங்க. மொத மணி நேரத்துல ஆளுக்கு ரெண்டு கப், அப்புறம் மணிக்கு ஒண்ணுன்னு வைங்க. 3 மணி நேரத்துக்கு ஆளுக்கு நாலு, 60 பேருக்கு 240 கப், 200 மில்லி கப்புன்னா 48 லிட்டர். பாதி வெறும் தண்ணி போதும். மீதிக்கு பாட்டில் பாட்டிலா வாங்கறதா, இல்ல குழாய் வெச்ச பெரிய ஜார்ல எலுமிச்சை ஜூஸ் கலக்கறதான்னா நான் ஜார் பக்கம். குப்பை கம்மி, செலவு கம்மி, பாதி குடிச்சுட்டு வெச்சுட்டுப் போன பாட்டில் வீடு முழுக்க கெடக்காது. ஜார டேபிள் ஓரத்துல, குழாய்க்கு அடியில கப் போற உயரத்துக்கு ஏதாவது முட்டு குடுத்து வைங்க. ஐஸ் ஆளுக்கு அரை கிலோ, அதாவது 30 கிலோ, எந்த வீட்டு ஃப்ரீசரும் தாங்காது, அன்னைக்குக் காலைலதான் வாங்கணும். கூல் பாக்ஸ் இல்லைன்னா மேல் மூடி வாஷிங் மெஷின் டிரம்முல ஐஸக் கொட்டி அதுல பாட்டில சொருகலாம், உருகினதும் டிரெயின் பண்ணிடலாம். சிரிக்காதீங்க, வேலை செய்யுது. ஆனா ஜூஸ்ல போடற ஐஸ் தனியா இருக்கட்டும், பாட்டில் முங்கின ஐஸ எடுத்து டம்ளர்ல போடாதீங்க.

கேக்குக்கு ரெண்டு சாய்ஸ்தான், கப்கேக்கா ஒரே பெரிய கேக்கான்னு. 30க்கு 45 சென்டிமீட்டர் செவ்வகக் கேக்க 5 சென்டிமீட்டர் சதுரமா வெட்டினா 54 துண்டு. 60 பேருக்கு இது போதுமான்னா போதும், கேக் வேணாங்கறவங்க ஆறு பேராவது இருப்பாங்க, பாட்லக் இனிப்பும் இருக்கு. ரெண்டு மூணு அடுக்கு வட்டக் கேக் பார்க்க அழகு, வெட்டறவங்களுக்குத் தண்டனை. கப்கேக்னா வெட்டவே வேணாம், தட்டும் வேணாம், ஆனா 60 கப்கேக்க வெச்சு எடுத்துட்டு வர்றதுக்கு பெட்டி வேணும், ஃப்ரிட்ஜும் வேணும். நான் பெரிய கேக்தான்.

தட்டு ஆளுக்கு ஒன்றரை, கப் ஆளுக்கு மூணு, ஏன்னா எல்லாரும் கப்ப எங்கயோ வெச்சுட்டு புதுசு எடுப்பாங்க. பக்கத்துல ஒரு மார்க்கர் பேனா வைங்க, பேர் எழுதிக்கட்டும், பசங்களுக்கு அது ஒரு விளையாட்டாவும் ஆயிடும். குப்பைத் தொட்டி ரெண்டு, கண்ணுல படற மாதிரி. அடுப்படிக்குள்ள வெச்சீங்கன்னா 60 பேரும் அடுப்படிக்குள்ள வருவாங்க.

மீந்தா என்ன பண்றதுன்னும் முன்னாடியே யோசிச்சுடுங்க. மூடி போட்ட டப்பா 20 வாங்கி வைங்க, கிளம்பறவங்க கைல குடுத்துடலாம். ஆனா டேபிள்ல 2 மணி நேரம் தாண்டினத குடுக்காதீங்க, மனசு கேக்காதுதான், கீழ போட்டுடுங்க. அவன்லயும் ஃப்ரிட்ஜ்லயும் இருந்தத குடுங்க, ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாள் தாங்கும்.

அப்புறம் மொத விருந்தாளி வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்து ஒரு தட்டு நிறைய வெச்சு மூடி, மேல பேர் எழுதி ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிடுங்க. பட்டம் வாங்கினவங்களுக்கு அது. மூத்தவன் அன்னைக்கு எல்லார்கூடயும் நின்னு பேசி, கை குடுத்து, ஃபோட்டோ எடுத்து, ராத்திரி பத்தரை மணிக்கு எல்லாரும் போனப்புறம் அடுப்படிக்கு வந்து பாத்திரத்த எல்லாம் தொறந்து தொறந்து பார்த்தான். எல்லாம் காலி. அவனோட பார்ட்டி அன்னைக்கு அவன் சாப்பிட்டது ரொட்டியும் ஜாமும்.